எதை விடுவது?

தவக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கறிச்சட்டி பரணேறிவிடும். புலால் விடுவதைச் 'சுத்தபோசனம்' என்றும், ஒருவேளை மட்டும் உண்பதை 'ஒருசந்தி' என்றும் சொல்லுவார் என் பாட்டி. சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பல், முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்து எடுத்தது. அன்று தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய நாள் வரை 46 நாள்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. கத்தோலிக்கருக்குக் கடமையான நோன்பு நாள்கள் இன்று சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. மற்ற ஒறுத்தல்களில் பெரும்பகுதி அவரவர் தெரிவு. தொல்லையே அங்கேதான்!

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் விடுதியில் நான் கறியை விட்டேன். எங்கள் உணவகத்தில் செலவைச் சமமாகப் பங்கிடும் முறை. ஆகவே என் பங்குத் துண்டுகள் பக்கத்து இலைக்குப் போயின. என் கட்டணம் ஒரு காசும் குறையவில்லை. எந்த ஏழைக்கும் ஒரு பிடி சோறு கிடைக்கவுமில்லை. ஆயினும், "நம்ம ஆள் விரதம்" என்று நண்பர்கள் சொல்லும்போது உள்ளூர ஒரு மிதப்பு. நோன்பிருப்பதைப் பிறர் அறியாதவாறு முகம் கழுவிக்கொள்ளச் சொன்னவர் இயேசு. நான் கழுவவில்லை.

அதே நாள்களில் இன்னொன்றையும் விட்டேன். வகுப்பில் நண்பன் ஒருவனுக்காக நான் குரல் மாற்றி "உள்ளேன் ஐயா" சொல்லி வந்தேன். பொய் சொல்லலாகாது என்று ஒரு காலையில் வாய்மூடிக்கொண்டேன். உத்தமன் ஆகிவிட்டதாக நினைப்பு! வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே சரிந்து, தண்டம் கட்டும் நிலைக்கு அவன் வந்தபோதுதான் உறைத்தது. அவன் ஊர் சுற்றவில்லை. விடியற்காலையில் பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறான்.

நண்பர்களே, நான் பொய்யை விட்டது சரியே. இன்றும் அதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவன் அவன். பிறர் செலவில் செய்வது ஒறுத்தலாகுமா? நுகத்தை அகற்றுவதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே நோன்பு என்கிறது ஏசாயாவின் 58-ஆம் அதிகாரம். அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பூச்சந்தை நினைவுக்கு வந்ததேயில்லை. ரமலானில் நோன்பிருக்கும் தோழரும், மாலையணிந்து சபரிமலை செல்லும் தோழரும் இதே கேள்வியைத் தமக்குள் கேட்டிருப்பர் என்றே எண்ணுகிறேன்.

வாய்மூடும் முன்னரே அவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவனோடு துறைத்தலைவரிடம் போயிருக்க வேண்டும். பேராசிரியர் முன் நின்று, "இதுவரை பொய் சொன்னவன் நான்தான்" என்பது கறியை விடுவதினும் கடினம். அதனால்தான் கறியைத் தெரிந்துகொண்டேன் போலும்.

பெரிய வெள்ளிக்கு முன்தினம் இருவரும் போனோம். கண்டிப்பு எனக்கு மிகுதி. விதி தளரவில்லை. விழாவுக்குச் சட்டை எடுக்க வைத்திருந்த பணத்தைத் தண்டத்துக்கென நீட்டினேன். முதலில் மறுத்தான், பிறகு, "கடனாகத்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.