இடைவெளி ஹராமா?

ஆவூரில் நிக்காஹ் விருந்தொன்றில், சோகையால் நலிந்த மருமகளின் நான்காம் கர்ப்பத்தைப் பற்றிய பேச்சிடையே, பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடுவதே ஹராம் எனப் பெரியவர் ஒருவர் தீர்ப்பளித்தார். ஆதாரமாக அவர் காட்டியது, வறுமைக்கு அஞ்சி மக்களைக் கொல்வதைத் தடுக்கும் திருமறை வசனம் (17:31). பிறந்த மகவைக் கொல்வதும் கரு உண்டாகாமல் காப்பதும் ஒன்றா? திருமறை இறங்கிய நாளிலேயே ஸஹாபாக்கள் அஸ்ல் செய்துவந்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதனை ஆகுமெனக் கொண்டு, பேற்றில் மனைவியின் உயிருக்கு அஞ்சுவதையும் தக்க காரணமாகவே இஹ்யாவில் எழுதினார். இவற்றை மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாம் மிம்பரில் வாய்மூடுவதேன்?

1976-இல், நெருக்கடி நிலையின்போது, கட்டாயக் கருத்தடை நடந்தது. அதனால் விளைந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அரசின் மீதுள்ள சினத்துக்கு வீட்டுப் பெண்ணா உதிரம் சிந்துவது? பாலூட்டலுக்குத் திருமறை (2:233) முழு ஈராண்டு வகுத்தது. உலகச் சுகாதார நிறுவனமும் பிரசவத்துக்குப்பின் அடுத்த கருவுக்கு 24 மாதமேனும் பொறுக்கச் சொல்கிறது. தேறாத உடல் அடுத்த பேற்றின் உதிரப்போக்கை எங்ஙனம் தாங்கும்?

ஹனஃபி ஃபிக்ஹு அஸ்லுக்கே மனைவியின் சம்மதத்தை வேண்டுகிறது. “மருமகளைக் கேட்டீர்களா?” என்றோம். பெரியவர் தாம்பூலத் தட்டை நம் பக்கம் நகர்த்தினார்.