நம்பிக்கைக்குரியவர் மட்டும் போதுமா?

கால்பந்து கழகம் ஒன்றில் நிர்வாகம் மாறும்போது, அதன் இளையோர் பயிற்சியகத்தின் பொறுப்பாளரும் மாறுவது ஐரோப்பாவில் அரிதன்று. புதிய தலைவரோ விளையாட்டு இயக்குநரோ, தம்முடன் முன்பு ஆடியவரை அல்லது தம்மிடம் பணியாற்றியவரை அப்பொறுப்பில் அமர்த்துகிறார். ரசிகர்களில் ஒரு சாரார் இதனை வரவேற்கின்றனர். மற்றொரு சாரார் வேண்டியவருக்குப் பதவி என்று பழிக்கின்றனர். இரு சாராரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. வேறு பணிகளைக் காட்டிலும் இந்தப் பணிக்கு நம்பிக்கை ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? அந்த நம்பிக்கை எங்கே நின்றுவிட வேண்டும்?

முதல் அணியின் பயிற்சியாளரை மதிப்பிடுவது எளிது. வாரந்தோறும் ஆட்டம் உண்டு; பருவ முடிவில் புள்ளிப் பட்டியல் உண்டு. பயிற்சியகப் பொறுப்பாளரின் உழைப்போ எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்களிடம் தொடங்குகிறது. அவர்களுள் யார் முதல் அணிக்கு வருவார்கள் என்பது தெரியப் பத்தாண்டுகள் ஆகலாம். அதற்குள் அவரை நியமித்த தலைவர் பதவியில் இருப்பது அரிது. அவரே இருப்பதும் ஐயம்தான். விளைச்சல் வருவதற்கு முன்பே கணக்கு முடிக்கப்படும் வேளாண்மை இது.

இத்தகைய பணிகள் குறித்துப் பொருளியலில் ஒரு புகழ்பெற்ற விளக்கம் உண்டு. பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம், பால் மில்குரோம் ஆகிய இருவரும் 1991-இல் எழுதிய கட்டுரை அது. பின்னாளில் இருவருமே நோபல் பரிசு பெற்றனர். ஒருவர் செய்யும் பல பணிகளில் அளக்கக்கூடியதற்கு மட்டும் வெகுமதி அளித்தால், அளக்க முடியாதவற்றை அவர் கைவிடுவார் என்பதே அதன் சாரம்.

இதனைப் பயிற்சியகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான கோப்பையை வென்றால்தான் பதவி நிலைக்கும் என்றால், பயிற்சியாளர் என்ன செய்வார்? உடல் வளர்ச்சியில் முந்திய சிறுவர்களையே களமிறக்குவார். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு உண்டு. தேர்வு ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாகத் தேர்வாகின்றனர் என்பதைக் கனடாவின் பனி ஹாக்கி குறித்து 1985-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. பின்னர் ஐரோப்பியக் கால்பந்திலும் அதே சாய்வு மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டுள்ளது. கோப்பை கிடைக்கிறது, மெதுவாக வளரும் திறமைசாலி வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை.

ஆகவே, இன்றைய தோல்வியைப் பொறுத்துக்கொண்டு நாளைய ஆட்டக்காரனை உருவாக்கு என்று ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால், சொல்பவர் மீது அவருக்கும் அவர் மீது சொல்பவருக்கும் நம்பிக்கை இருந்தாக வேண்டும். எந்த ஒப்பந்தத்தாலும் இதனை முழுமையாக எழுதிவிட முடியாது. நம்பிக்கைக்குரியவரைத் தேடுவதில் நியாயம் இருப்பது இதனால்தான்.

இந்த நியாயத்தின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டியது நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகம். 'எதிர்காலம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அதன் பயிற்சி வளாகம் உலகப் புகழ் பெற்றது. கழகத்தின் பயிற்சியகத்தில் வளர்ந்த இளைஞர்களைப் பெரும்பகுதியாகக் கொண்ட அணி 1995-இல் ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுத் தொகை ஏதுமின்றி வேறு கழகத்துக்குச் செல்ல வழிவகுத்தது. சிறிய நாட்டின் கழகங்கள் தாம் வளர்த்தவர்களைத் தக்கவைப்பது அதன்பின் கடினமாயிற்று.

2010 செப்டம்பரில் அயாக்ஸ் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றதை அடுத்து, அதன் முன்னாள் நாயகன் யோஹன் கிரைஃப் தம் நாளிதழ்ப் பத்தியில் கழகத்தைக் கடுமையாகச் சாடினார். அதிலிருந்து எழுந்த மாற்றத்தில், முன்னாள் ஆட்டக்காரர்களிடம் விளையாட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பயிற்சியகத்துக்கு விம் யோங்க் தலைமையேற்றார். டென்னிஸ் பெர்க்காம்ப் துணை நின்றார். அணியின் வெற்றியைவிடத் தனி ஆட்டக்காரனின் வளர்ச்சியே முதன்மை என்பது அவர்களின் கொள்கை.

2011 நவம்பரில் மேற்பார்வைக் குழுவின் மற்ற உறுப்பினர்கள், உறுப்பினரான கிரைஃபைக் கலக்காமலேயே லூயி வான் காலை நிர்வாக இயக்குநராக நியமித்தனர். கிரைஃபும் அவரைச் சார்ந்த பயிற்சியாளர்களும் நீதிமன்றம் சென்றனர். 2012 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நியமனத்தை நிறுத்திவைத்தது. வான் காலின் திறமையை எவரும் ஐயுற முடியாது. 1995-இன் வெற்றி அணியை வழிநடத்தியவரே அவர்தான். அவருடன் சேர்ந்து பணியாற்ற வேண்டியவர்களின் இசைவு பெறப்படவில்லை என்பதே சிக்கல்.

கதை அத்துடன் முடியவில்லை. நண்பர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு முற்றியது. 2015 இறுதியில் கிரைஃப் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகினார், யோங்க் வெளியேற்றப்பட்டார். 2017 டிசம்பரில் பெர்க்காம்பும் நீக்கப்பட்டார். அவர்களை இணைத்தது தனிமனித நட்பு. நட்பு முறிந்தபோது பிணக்கைத் தீர்க்கும் வலுவான ஏற்பாடு கழகத்தில் இருக்கவில்லை.

ஆனால் 2019-இல் அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை எட்டியது. 19 வயதில் அணித்தலைவராக இருந்த மத்தைஸ் டி லிக்ட், ஒன்பது வயதில் அந்தப் பயிற்சியகத்தில் சேர்ந்தவர். அந்தக் கோடையில் அவர் 7.5 கோடி யூரோவுக்கு யுவெண்டஸ் கழகத்துக்குச் சென்றார். அவரது வளர்பருவத்தில் பயிற்சியகத்தை நடத்தியவர், அறுவடை நாளில் கழகத்தில் இல்லை. கால இடைவெளி என்று பொருளியலார் கூறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம்பிக்கையின் இன்னொரு முகம் இதைவிடக் கவலைக்குரியது. பயிற்சியகத்தில் இருப்பவர்கள் குழந்தைகள். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர், சிறுவயதில் தங்களுக்குப் பயிற்சியாளர்களால் நேர்ந்த பாலியல் கொடுமைகளை வெளிப்படையாகக் கூறினர். 1970 முதல் 2005 வரையிலான காலத்தை ஆராய்ந்த ஷெல்டன் அறிக்கை 2021 மார்ச்சில் வெளியானது. கால்பந்துச் சங்கம் குழந்தைகளைக் காக்கப் போதுமானதைச் செய்யத் தவறியதை அது பதிவு செய்தது. திறமையைக் கண்டெடுப்பவர் என்று கழகமும், மகனின் வாழ்வை உயர்த்துபவர் என்று பெற்றோரும் வைத்த நம்பிக்கையே குற்றவாளிகளுக்குக் கவசமாயிற்று. ஒரு சிறுவனின் எதிர்காலம் ஒருவர் கையில் முழுமையாக இருக்குமானால், அவர் மீது புகார் கூறும் துணிவு அச்சிறுவனுக்கு எங்கிருந்து வரும்?

எனவே, நம்பிக்கையின் எல்லையைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஆட்ட முறை, பயிற்சித் திட்டம், யாரை எந்த வயதில் உயர்த்துவது ஆகியவற்றில் பொறுப்பாளருக்குத் தாராளமான உரிமை தரலாம். குழந்தைகளின் பாதுகாப்பில் எவருக்கும் அந்தச் சலுகை கூடாது. அதற்கான அலுவலர் பயிற்சியகத் தலைவருக்குக் கீழ்ப்பட்டவராக இருத்தல் கூடாது. மேற்பார்வைக் குழுவிடம் நேரடியாக அறிக்கை அளிப்பவராக இருக்க வேண்டும்.

பொறுப்பாளரின் பதவிக்காலம் தலைவரின் பதவிக்காலத்தோடு பிணைக்கப்படாமல் இருப்பதும் நன்று. தலைவர் மாறும்போதெல்லாம் பயிற்சியகமும் மாறினால், பத்தாண்டுப் பணி இரண்டாண்டுப் பணிகளாகச் சிதறும். அதே காரணத்தால், எந்தக் கொள்கையின்படி சிறுவர்கள் வளர்க்கப்படுகிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் போனாலும் கொள்கை எஞ்சும்.

வெளியேற்றப்பட்டவர்களின் கணக்கும் வேண்டும். பயிற்சியகத்தில் சேரும் சிறுவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாவதில்லை. அவர்கள் படிப்பை முடித்தார்களா, எந்த வேலையில் அமர்ந்தார்கள் என்பதைக் கழகம் ஆண்டுதோறும் வெளியிட்டால், கோப்பைகள் சொல்லாத உண்மையை அது சொல்லும்.

தமக்கு நம்பிக்கையானவரை ஒரு தலைவர் நியமிப்பதில் குற்றம் காண வேண்டியதில்லை. அந்த நியமனம் சரியா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நாளை அந்தத் தலைவரும் பொறுப்பாளரும் பகைத்துக்கொண்டால், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் பயிற்சியும் பாதுகாப்பும் பாதிக்கப்படுமா? ஆம் என்பது விடையானால், அங்கே இருப்பது இருவருக்கிடையிலான நட்பு மட்டுமே. பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் நம்பத்தக்க நிறுவனம் இன்னும் உருவாகவில்லை.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி நிறைவு)