மருதம் எந்த மரம்?

முதுகலைத் தேர்வில் மருதத் திணை பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். வயல், எருமை, ஊடல் எல்லாம் தெரியும். மரம் மட்டும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் சங்க இலக்கியக் கட்டுரை ஒன்றை இந்தியில் மொழிபெயர்த்தபோது, அகராதியைப் பார்த்து மருதத்துக்கு 'அர்ஜுன்' என்று போட்டுவிட்டேன். கட்டுரை வெளிவந்ததும் தில்லி வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சிவப்புப் பூ என்று எழுதியிருக்கிறீர்களே, அர்ஜுன் மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?"

புது தில்லியில் ஜன்பத் சாலையின் இருபுறமும் நிற்பது அர்ஜுன் மரம்தான். பல வருடங்கள் அதன் நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவன், அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

பூ சில வாரங்கள்தான். கோடையில் சின்னச் சின்னக் கதிர்களாக, வெளிர் மஞ்சளாக வரும். சிவப்பு இல்லை. மற்ற மாதங்களில் மூன்று அடையாளங்கள் உண்டு. பட்டை வழவழப்பாக, வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். செதில் செதிலாக உரியும். அர்ஜுன் என்றால் வெண்மை. இலை நீளவாட்டில் இருக்கும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகளைக் காணலாம். காய்தான் உறுதியான சாட்சி. கட்டைபோல் கெட்டியாக, ஐந்து இறக்கைகளுடன், பல மாதங்கள் மரத்திலேயே தொங்கும். கருமருதுக்கும் ஐந்து இறக்கைக் காய்தான். ஆனால் அதன் பட்டை கறுத்து, முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்.

அப்படியானால் அகராதி தவறா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. திருவிடைமருதூரின் தலமரம் மருது. ஊரின் வடமொழிப் பெயர் மத்தியார்ஜுனம். ஸ்ரீசைலம் மல்லிகார்ஜுனம் தலைமருது, நெல்லைச் சீமையின் திருப்புடைமருதூர் கடைமருது. கோயில் மரபில் மருதும் அர்ஜுனும் ஒன்றே. தமிழ்நாட்டில் இதற்கு நீர்மருது, வெண்மருது என்றும் பெயர்.

ஆனால் சங்கப் பாடல்களில் மருதின் பூ சிவப்பு. அதனால் அது பூமருது என்கிறார்கள் அறிஞர்களில் ஒரு சாரார். இந்தியில் ஜாருல், மகாராஷ்டிரத்தின் மாநில மலர். கோடையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். பட்டையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள்: இதுவும் வழவழப்புதான், இதுவும் உரியும். காயைப் பாருங்கள். உருண்டையாக, அடியில் ஆறு இதழ்போல் விரிந்த புல்லியுடன் இருக்கும்; முற்றினால் வெடிக்கும். இறக்கை காயில் இல்லை, உள்ளே விதையில் இருக்கிறது. நீர்மருது கடுக்காய், தான்றிக்காயின் உறவு. பூமருது மருதாணியின் உறவு. பெயரில் நெருக்கம், குடும்பத்தில் இல்லை.

வாசகரிடம் தவறை ஒப்புக்கொண்டேன். இப்போது மொழிபெயர்ப்பில் மருதத்தை மருதமாகவே விட்டு, இரண்டு மரங்களையும் அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறேன். குறிஞ்சியை, முல்லையைப் பூவாகத் தெரிந்துகொண்ட நமக்கு, நெல் விளைந்த நிலத்துக்கே பெயர் கொடுத்த மரம் தெரியாமல் போனதுதான் உறுத்துகிறது.

ஜன்பத் பக்கம் போனால் நடைபாதையில் ஒரு காயைப் பொறுக்கி இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். ஊரில் இருப்பவர்கள் ஆற்றங்கரையில் தேடலாம்.