போத்தல் வாங்கித்தான் முடியைக் காப்பாற்றணுமா?



சம்பளம் வாங்கி பாரிட் புந்தார் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகும் நம் பெண்களின் பையில், அரிசி பருப்போடு இப்போது இரண்டு மூன்று போத்தல்களும் வருகின்றன. ஒன்று ஷாம்பு, ஒன்று கண்டிஷனர், இன்னொன்று 'முடிக்கு உணவு' என்று விளம்பரம் செய்கிற ஏதோ ஒன்று. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் காசு இப்படிக் கரைவது எனக்குச் சம்மதமில்லை.

தலையை விட்டு வெளியே வந்த முடி, நகம் மாதிரி உயிரில்லாத பொருள். அதற்கு யாரும் சோறு ஊட்ட முடியாது. கண்டிஷனர் முடிமேல் வழவழப்பாக ஒரு பூச்சுப் போடுகிறது; சிக்கெடுக்கும்போது முடி அறுந்து போகாது. அவ்வளவுதான். அது ஏமாற்று என்று சொல்லவில்லை. வசதியிருந்தால் வாங்குங்கள். ஆனால் ராத்திரி இரண்டு கரண்டி வெந்தயம் ஊறப்போட்டு, காலையில் மைய அரைத்துத் தடவி, அரைமணி கழித்து அலசிப் பாருங்கள். அந்தக் கொழகொழப்பும் அதே வேலையைத்தான் செய்யுது. செம்பருத்தி இலையும் அப்படியே. 1960-இல் நாட்டின் தேசிய மலராக்கப்பட்ட பூ, வேலியோரம் சும்மா கிடக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் நம் பாட்டிமார் சொன்னது சரியென்று ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. 2003-இல் பம்பாயில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய்தான் நன்றாகக் குறைத்தது. அது முடிக்குள்ளேயே இறங்குகிறது. கனிம எண்ணெய் மேலேயே நிற்கும். வாசனை எண்ணெய் வாங்கும்போது 'பாராபின்' என்று போட்டிருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு கரண்டி தேய்த்தால் போதும், வழியவிட வேண்டாம்.

துணி துவைக்கிற சவுக்காரத்தைத் தலைக்குப் போடாதீர்கள். முடி வைக்கோலாகிவிடும். அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பெரட்டுக்கு நேரமாச்சு என்று ஈரத் தலையை அப்படியே கொண்டை போட்டு, மேலே துணியைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், வாடை வரும். தலைக்குக் குளிப்பதை வேலை முடிந்து வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பேனுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்துப் பூச்சி மருந்தைத் தொடவே கூடாது. அது தோல் வழியாக உள்ளே போய் உயிரையே எடுக்கும். எண்ணெய் தடவி, பேன் சீப்பால் சில நாளுக்கு ஒருமுறை பொறுமையாக வாருங்கள்.

கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா? பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது இயல்பு, தானே நின்றுவிடும். ஆனால் கொட்டுவதோடு மூச்சு வாங்குது, தலை சுத்துது, மாதவிலக்கும் அதிகம் என்றால் ரத்தசோகையாக இருக்கலாம். எந்தப் போத்தலும் அதற்கு உதவாது. முருங்கைக்கீரை, ஈரல், பருப்பு சேருங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதை விடுங்கள், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.