மூணாறு பெண்கள் சங்கங்களுக்குக் கற்பித்த பாடம்



தொழிலாளி வீதிக்கு வந்தால் முதலாளிமார் கேட்கும் முதல் கேள்வி, "இவர்களைத் தூண்டிவிட்டது யார்?" என்பதுதான். 2015 செப்டம்பரில் கேரளாவின் மூணாறு மலையிலும் இப்படித்தான் கேட்டார்கள். அங்கே தூண்டிவிட்டது சம்பளக் கணக்கு. வேறு யாருமில்லை.

ரோட்டை மறித்து உட்கார்ந்த அந்த ஆயிரக்கணக்கான பெண்கள் யார்? பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிப்போன வம்சம். நம் பாட்டன் பாட்டி கப்பல் ஏறினார்கள். அவர்கள் பாட்டன் பாட்டி மலை ஏறினார்கள். விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு, மழையோ பனியோ கொழுந்து கிள்ளப் போகிறவர்கள். நாள் சம்பளம் 232 ரூபாய். குடியிருப்பது கம்பெனி லயம். வேலை முடிந்தால் வீட்டையும் காலி பண்ண வேண்டும். அந்த வேதனை நமக்குப் புதுசா என்ன?

கண்ணன் தேவன் கம்பெனி 2014இல் 19 சதவீதம் போனஸ் கொடுத்தது. மறு வருஷம் லாபம் குறைந்துவிட்டது என்று 10 சதவீதத்தில் நிறுத்தியது. 20 சதவீத போனஸ், 500 ரூபாய் சம்பளம் என்று கேட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வந்தது. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்.

சங்கத்துக்காரனான என்னை உறுத்தும் விஷயம் இனிமேல்தான். அந்தப் பெண்கள் கம்பெனியை மட்டும் எதிர்க்கவில்லை. சமரசம் பேச வந்த சங்கத் தலைவர்களையும் விரட்டினார்கள். தலைவர்கள் கம்பெனியின் சலுகைகளை அனுபவித்துக்கொண்டு தங்களை விற்றுவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஆனால் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அச்சுதானந்தன் வந்து கூடவே உட்கார்ந்தபோது ஏற்றுக்கொண்டார்கள். ஆக, அவர்களுக்குத் தலைமை மேல் வெறுப்பில்லை. தங்களோடு உட்காராத தலைமை மேல்தான் வெறுப்பு.

ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு முதல்வர் உம்மன் சாண்டி தலையிட்டுப் பேசியதில், 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20 சதவீதம் கிடைத்தது. அக்டோபரில் சம்பளம் 301 ரூபாயானது. கேட்ட 500 வரவில்லை.

பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை வென்ற அந்த இயக்கம், விரைவிலேயே பிளவுபட்டது. 2020 ஆகஸ்டில் அதே மலையில் பெட்டிமுடி லயங்கள் மண்சரிவில் புதைந்து ஏறக்குறைய 70 பேர் மாண்டார்கள். போனஸ் வந்தும், பத்திரமான சொந்த வீடு வரவில்லை.

ஆகவே பாடம் இரண்டு பக்கமும் உண்டு. கோபம் ரோட்டை மறிக்கும். ஆனால் வருஷக்கணக்கில் நின்று வீடும் சம்பளமும் கேட்க அமைப்பு வேண்டும். அந்த அமைப்பு தொழிலாளியின் கையில் இல்லையென்றால், ஒருநாள் அதுவும் விரட்டப்படும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில், தாய்மார்களே, நீங்கள் எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள். "கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் லயத்தில் வாசித்துக் காட்டினீர்களா?" பதில் வரும்வரை உட்காராதீர்கள்.