ஓங்கிய கை

எங்கள் வீட்டுக்கு வெளியூர் விருந்தாளி வந்தால் முதல் நாள் பசியாறல் வீட்டில் கிடையாது. பாகான் டாலாமில் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் போய்வரும் ஒரு கடை உண்டு. அங்கேதான் கூட்டிப் போவோம். சென்ற மாதம் டொரோண்டோவிலிருந்து பெரியம்மா மகள் வந்திருந்தார். தோசையும் ரொட்டி சானாயும் மேசைக்கு வருவதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்க்கா, உங்க ஊர்ல அந்த ஜக்மீத் சிங், கவுத்துடுவேன் கவுத்துடுவேன்னு சொல்லிக்கிட்டே எவ்ளோ நாள் இழுத்தாரு? எதுக்கு?"

அக்கா சிரித்தார். "கனடாவே அதைத்தான் கேட்டுச்சு. இப்ப நீயுமா?"

காலை வேளையில் வானொலி நிகழ்ச்சி செய்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2021-இல் நம் நாட்டு அரசியல் ஆடிக்கொண்டிருந்தபோது நேயர்கள் குரல்பதிவில் அடிக்கடி கேட்டது இதுதான். "ஆதரவை மீட்டுக்கப் போறோம்னு சொல்றாங்களே, எப்பதான் மீட்டுக்குவாங்க?" நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். கடை மேசையில் அந்த வசதி இல்லை.

முதலில் கனடா கதையைச் சொல்லிவிடுகிறேன். 2021 தேர்தலில் ஜஸ்டின் ட்ரூடோவின் லிபரல் கட்சிக்கு 338 இடங்களில் 160 மட்டுமே கிடைத்தன. பெரும்பான்மைக்கு 170 வேண்டும். ஜக்மீத் சிங்கின் புதிய ஜனநாயகக் கட்சியிடம் இருந்தவை 25. 2022 மார்ச்சில் இரண்டு கட்சிகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தால் சிங்கின் கட்சி அரசைக் காப்பாற்றும். பதிலுக்கு அரசு சில மக்கள் நலத் திட்டங்களைக் கொண்டுவரும்.

2024 செப்டம்பரில் சிங் உடன்பாட்டை முறித்தார். முறித்த பிறகும் அரசைக் கவிழ்க்கவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானங்களை அவர் கட்சி ஆதரிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அவருக்கு எம்.பி. ஓய்வூதியத் தகுதி வருகிறது, அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று எதிர்க்கட்சி கேலி செய்தது. டிசம்பர் 20-ஆம் தேதி ஒருவழியாகக் கவிழ்க்கப் போவதாகக் கடிதம் எழுதினார். அப்போது நாடாளுமன்றம் விடுமுறையில் இருந்தது. ஜனவரி 6-ஆம் தேதி, பதவி விலகப் போவதாக ட்ரூடோவே அறிவித்துவிட்டார். ஏப்ரல் 28-இல் நடந்த தேர்தலில் சிங்கின் கட்சிக்கு 7 இடங்கள்தான். சிங்கும் தன் தொகுதியில் தோற்றார்.

"அப்ப நல்லா வேணும்" என்றார் அண்ணன்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. தே தாரேக்கை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "எனக்கும் அந்தாளு மேல கோபம்தான். ஆனா என் மாமியார் போன வருஷம் பல்செட் கட்டினாங்க. அந்த அரசாங்கப் பல் சிகிச்சைத் திட்டம் அவரு கேட்டு வாங்கினது. அதையும் சொல்லணும் இல்ல?"

பல்செட் என்றதும் எனக்குத் தாத்தா நினைவு வந்தது. அவரும் பல்செட் போட்டிருந்தார். இதே கடையில், வாசல் பக்கத்து மேசையில், அதைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு ரொட்டியைத் தேநீரில் முக்கிச் சாப்பிடுவார்.

தாத்தா எம்.ஜி.ஆர். பக்தர். அதனால் ஜெயலலிதா கட்சி. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த சிநேகிதர் ஒருவர் கலைஞர் கட்சி. அவரை நாங்கள் சின்னத் தாத்தா என்போம். பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு சென்னை அரசியலுக்காக இரண்டு பேரும் நாள்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு.

1998 தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 30-ஐப் பிடித்தது. அதில் அ.தி.மு.க.வுக்கு 18. டெல்லியில் 543 பேர் கொண்ட மக்களவையில் 18 என்பது சிறிய எண். ஆனால் பாரதிய ஜனதாவிடம் இருந்ததோ 182. அந்த 18 இல்லாமல் வாஜ்பாய் பிரதமராக முடியாது. ஆதரவுக் கடிதம் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே டெல்லிக்கு வியர்த்துவிட்டது. மார்ச் 28-இல் வாஜ்பாய் 274-க்கு 261 என்று நம்பிக்கை வாக்கு வென்றார்.

அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் அதே கதை. தமிழ்நாட்டில் கருணாநிதி ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பது ஜெயலலிதாவின் பெரிய கோரிக்கை. டெல்லியிலிருந்து தூதர்கள் சென்னைக்கு வருவதும் போவதுமாக இருந்தார்கள். கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் நீக்கப்பட்ட பிறகு பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் விவகாரமும் கோரிக்கையில் சேர்ந்தது. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் கவிழும் என்று தாத்தா பந்தயம் கட்டுவார். ஒவ்வொரு வாரமும் தோற்பார்.

1999 மார்ச் 29-இல் டெல்லி அசோகா ஹோட்டலில் சுப்பிரமணியன் சுவாமி வைத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியா காந்தியும் சந்தித்தார்கள். ஏப்ரல் 14-இல் ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டார். 17-ஆம் தேதி, சனிக்கிழமை, வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டு. ஒடிசா முதலமைச்சராகியும் எம்.பி. பதவியை விடாமலிருந்த கிரிதர் கமாங்கும் வந்து ஓட்டுப் போட்டிருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. வானொலிச் செய்தியைக் கேட்ட தாத்தா கடையில் இருந்த எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். சின்னத் தாத்தாவும் குடித்தார். குடித்துவிட்டு ஒன்று சொன்னார். பெரியவர்கள் பேச்சில் எனக்கு அன்று மனதில் நின்றது அது ஒன்றுதான்.

"ஓங்குன கை அடிக்காத வரைக்கும்தான்யா மரியாதை. அடிச்சிட்டாங்க. இனிமே என்னா பண்ணுவாங்க?"

அப்படியே நடந்தது. மாற்று அரசு அமைக்கச் சோனியாவுக்கு எண்ணிக்கை சேரவில்லை. மக்களவை கலைந்தது. அந்த ஆண்டு இறுதித் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 10 இடங்கள். ஜெயலலிதா காலி செய்த நாற்காலியில், ஆம், கருணாநிதியின் தி.மு.க.வே போய் உட்கார்ந்தது. முரசொலி மாறன் மத்திய அமைச்சரானார். கலைக்கச் சொன்ன ஆட்சியும் கலையவில்லை. 2001 வரை நடந்தது. அந்த ஆண்டு ஜெயலலிதா தேர்தலில் வென்று கோட்டைக்குத் திரும்பினார் என்பது வேறு கதை. டெல்லியில் அந்தப் பதின்மூன்று மாதப் பிடி திரும்பக் கிடைக்கவில்லை.

சின்னத் தாத்தா சொன்னதை அரசியல் மாணவர்கள் பெரிய சொற்களில் எழுதக்கூடும். விஷயம் இதுதான். சிறிய கட்சித் தலைவருக்கு அரசைக் கவிழ்க்கும் சக்தி ஒரே ஒரு முறைக்குத்தான். செலவழித்துவிட்டால் கை காலி. அதனால் தாமதம் என்பது தயக்கம் அல்ல, கோழைத்தனமும் அல்ல. தாமதம்தான் அவர்களுடைய வியாபாரம். கவிழ்க்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஏதோ ஒரு விலை வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படியென்றால் எப்போது கவிழ்ப்பீர்கள் என்று நாம் கேட்பது தவறான கேள்வி. இத்தனை நாள் என்ன வாங்கினீர்கள், அது யார் பைக்குப் போனது என்றல்லவா கேட்க வேண்டும்? கனடாவில் அக்காவின் மாமியார் வாய்க்குப் போயிருக்கிறது. 1998-இல் டெல்லி தூதர்கள் மூடிய கதவுக்குள் பேசியதில் தாத்தாவைப் போன்ற தொண்டர்களுக்கு என்ன வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நமக்கு?

அந்த இடத்தில்தான் அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "நமக்கா? நம்ம காசையே நமக்குக் குடுத்தாங்க லா."

2020 நவம்பரை நினைத்துப் பாருங்கள். 222 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் டான் ஸ்ரீ முஹிடின் யாசினின் அரசு நூலிழையில் நின்றது. 2021-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் தோற்றால் அரசே போய்விடும். அரசை ஆதரித்துக்கொண்டிருந்த தேசிய முன்னணியிலிருந்தே கோரிக்கைகள் வந்தன. கடன் தவணையை ஒத்திவையுங்கள், ஊழியர் சேமநிதியின் முதல் கணக்கிலிருந்து பணம் எடுக்க விடுங்கள் என்றார்கள். அரசு இறங்கி வந்து ஐ-சினார் திட்டத்தை விரிவாக்கியது. முதல் கணக்கில் ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழ் வைத்திருந்தவர்கள் 10,000 வெள்ளி வரை எடுக்கலாம் என்றானது. டிசம்பர் 15-இல் வரவு செலவுத் திட்டம் 111-க்கு 108 என்ற கணக்கில் பிழைத்தது.

அந்த அறிவிப்பை வானொலியில் நானும் சொன்னேன். "நற்செய்தி நேயர்களே" என்று உற்சாகமாகத்தான் சொன்னேன். எப்படி விண்ணப்பிப்பது என்று படிப்படியாக விளக்கினேன். அண்ணன் அதைக் கேட்டுத்தான் விண்ணப்பித்தார். பிறை தொழிற்பேட்டையில் அவருக்குப் பாதிச் சம்பளம் கூட வராத நேரம். வீட்டு வாடகை, பால்மாவு, கார் தவணை. அந்தப் பணம் இல்லையென்றால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அதனால் எடுத்தது தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்தால்கூட 10,000 வெள்ளி 15 ஆண்டில் 20,000-ஐத் தாண்டும். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 2022-இல் வந்த சிறப்பு மீட்பு என நான்கு சுற்றில் நாடு முழுவதும் 81 லட்சம் பேர் 145 பில்லியன் வெள்ளியை எடுத்தார்கள். நெருக்கடியில் அரசு தன் பையிலிருந்து கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டியதற்குப் பதில், நம் முதுமையின் பையைத் திறந்து காட்டியது. அதை ஒரு அரசியல் வெற்றியாக நம்மிடம் விற்றார்கள். விற்ற குரல்களில் என்னுடையதும் ஒன்று.

பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2021 ஜனவரியில் அவசரகாலம் வந்தது, நாடாளுமன்றம் கூடவில்லை. வீடுகளில் வெள்ளைக் கொடி பறந்த நேரத்தில், ஜூலை தொடக்கத்தில், அம்னோ தலைவர் அஹ்மாட் ஸாஹிட் ஹமிடி ஆதரவு மீட்பை அறிவித்தார். அவர் கட்சி அமைச்சர்கள் பலர் பதவியிலேயே இருந்தார்கள். அறிவிப்புக்கும் ஆகஸ்ட் 16-இல் முஹிடின் விலகியதற்கும் இடையில் ஐந்து வாரத்துக்கும் மேல். நேயர்களின் கேள்வி அந்த வாரங்களில்தான் உச்சத்தில் இருந்தது.

இதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அடுத்து வந்த இஸ்மாயில் சப்ரி அரசோடு 2021 செப்டம்பர் 13-இல் பக்கத்தான் ஹராப்பான் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கவிழ்க்க மாட்டோம், பதிலுக்கு இன்னின்ன சீர்திருத்தங்கள் வேண்டும் என்று எழுத்தில் இருந்தது. எல்லாரும் படிக்கக்கூடிய எழுத்து. அதிலிருந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 ஜூலை 28-இல் மக்களவையில் 209 ஓட்டுகளோடு நிறைவேறியது. அன்றும் சிலர், எதிர்க்கட்சி விலைபோய்விட்டது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. விலை என்னவென்று பார்க்க முடிந்தது. பொருளும் கைக்கு வந்தது.

அடுத்த முறை எந்தக் கூட்டணியிலாவது யாராவது கையை ஓங்கினால், நேயர்களின் குரல்பதிவுக்கு நான் பாட்டைப் போட்டுத் தப்பிக்கப் போவதில்லை. என்ன கேட்கிறார்கள், அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, பணம் யாருடையது? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் "நற்செய்தி" என்ற சொல்லை எடுப்பேன். நீங்களும் உங்கள் தொகுதிக்காரர்களிடம் கேளுங்கள். எப்போது கவிழும் என்று பந்தயம் கட்ட வேண்டாம். தாத்தா ஓராண்டு முழுக்கக் கட்டித் தோற்றார்.

பில் வந்தது. அக்கா பையைத் திறந்தார். அண்ணன் விடவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மாசம் அம்பது வெள்ளி சொந்தமா சேமநிதியில போட்டுக்கிட்டு வர்றேன். அந்தப் பத்தாயிரம் திரும்ப வர இன்னும் ரொம்ப நாளாகும். இருந்தாலும் போடறேன்."