படிவம் இல்லாமலும் பேச்சுச் சிகிச்சை

"படிப்பு குறைவு, உளவியல் சிகிச்சைக்கு ஒத்துவராது, மாத்திரை தொடரவும்." பதற்ற நோயாளிகளின் சீட்டுகளில் இந்தக் குறிப்பு இன்னும் விழுகிறது. இது நிற்க வேண்டும். அவர்களுக்கு ஒத்துவராமல் போவது பெரும்பாலும் நாம் நீட்டும் தாள்தான்.

எண்ணப் பதிவேடு, 0 முதல் 100 வரையான பதற்ற மதிப்பெண், வாரம் முழுக்க வீட்டுப்பாடம் எல்லாம் பள்ளிப் பழக்கம் உள்ளவர்களுக்காக அமைந்தவை. பதற்றத்தைக் குறைப்பது பயந்து ஒதுங்கிய இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பிப் போவது. அஞ்சிய விபரீதம் நடக்கவில்லை என்று உடம்பே கண்டுகொள்வது. இதற்கு எழுத்து வேண்டியதில்லை.

பேருந்தில் ஏறினால் நெஞ்சடைத்துச் செத்துவிடுவோம் என்று அஞ்சும் ஒரு பெண். அவர் முன்னால் பத்துப் புளியங்கொட்டைகளை வையுங்கள். நிறுத்தத்தில் நிற்க எத்தனை கொட்டை பயம், ஒரு நிறுத்தம் போக எத்தனை, கூட்ட நேரத்தில் சந்தைக்குப் போக எத்தனை என்று கேட்டால், அவரே எடுத்து வைத்துவிடுவார். இதயம், ஆஸ்துமா, தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றை மருத்துவர் பார்த்து முடித்தபின், அவரோடு மாடிப்படியில் வேகமாக ஏறுங்கள். அதே படபடப்பு வரும். மேலே நின்று, அது தானாக அடங்கும்வரை பேசிக்கொண்டிருங்கள். "இப்ப எப்படிம்மா இருக்கு?" பேருந்தில் மறுபடி வரும்போது, படியேறியபோது வந்ததுதானே என்று அவர் நினைத்துக்கொள்ள ஒரு பிடி கிடைக்கும்.

பேச்சையே வைத்துப் பலன் கண்ட முன்னுதாரணங்கள் உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டத்தில், மருத்துவமனை வளாகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சிகிச்சை தந்தவர்கள் சுகாதாரப் பணியாளர்களான பாட்டிமார். 573 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் பதற்றமும் மனச்சோர்வும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்திருந்தன. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்கள் படங்களைக் காட்டியே எண்ணங்களைப் பேசினார்கள். அது தாய்மாரின் மனச்சோர்வுக்கானது. ஆனாலும் படத்தை வைத்துப் பேசும் முறையை நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அளவுகோலில் மட்டும் எச்சரிக்கை தேவை. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 வினாத்தாளில் 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' என்பது பலரைக் குழப்புகிறது. "ரெண்டு வாரத்துல எத்தனை நாள்?" என்று கேட்டு நாமே குறிக்கலாம், கேட்ட விதத்தையும் பதிவில் எழுதிவிட வேண்டும்.

வீட்டுப் பயிற்சி ஒன்றே ஒன்று போதும்; தண்ணீர் பிடிக்கும் நேரத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்சியைக் குரல்பதிவாக அனுப்புவதானால், அந்தக் கைபேசியை வீட்டில் யார் யார் எடுப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம். மாத்திரை வாங்க வரும் நாளிலேயே அமர்வையும் வையுங்கள். பன்னிரண்டு என்று திட்டமிட்டு மூன்றில் அவரை இழப்பதைவிட, ஆறு என்று சொல்லி முடிப்பது மேல். நீங்கள் செய்து பார்த்த மாற்றங்களை, பலிக்காதவற்றையும் சேர்த்து, எங்களுக்கு எழுதுங்கள். அவற்றுக்கு இவ்விதழில் இடம் உண்டு.